அயல் வீட்டிலிருந்து வரும் சித்திரைப் பலகாரம்

 

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நமது நாட்டின் தோற்றமே மாறிவிடுகின்றது. முள்முருக்கு மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூக்களைச் சுமந்து நிற்கின்றன. அதிகாலையில் குயில் கூவுகின்றது. சூரியன் மீன இராசியிலிருந்து மேட இராசிக்குச் செல்லும் வேளையைப் புத்தாண்டின் பிறப்பாகக் கணிக்கின்ற சிங்கள, தமிழ் மக்களின் வீடுகளில் ஏப்ரல் 13ஆம், 14ஆம் திகதிகளில் பாற்சோறு பொங்குகின்றது. கெவுமும் கொக்கிஸும் பொரிக்கப்படுகின்றன. பெரும்பாலும் இதே பருவத்தில்தான் கிறிஸ்தவ மக்களின் உயிர்த்த ஞாயிறு தினமும் வருகின்றது. அந்நாட்களில் அயல் வீட்டுப் பிள்ளை ஒன்று துணியால் மூடிய தட்டு ஒன்றைக் கையில் ஏந்தியவாறு நமது வாசலில் வந்து நிற்கின்றது. "அம்மா தரச் சொன்னார்" என்கிறது.

அந்தத் தட்டை எவ்வாறு பெற்றுக்கொள்வது? என்ன சொல்லிப் பெற்றுக்கொள்வது? பிறகு என்ன செய்வது? நமது பாட்டன்மார் காலத்தில் இவை ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. இன்றோ சில இளைஞர்கள் இதனை மார்க்கப் பிரச்சினையாக எண்ணித் தடுமாறுகின்றார்கள். வேறு சிலர் அயல் வீட்டாரின் பெயரைக்கூட அறியாதிருக்கின்றார்கள். எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் அயலவர் என்போர் யார்? அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தில், அல்லாஹ்வை வணங்குமாறும் பெற்றோருக்கு நன்மை செய்யுமாறும் கட்டளையிட்ட அதே தொடரில், உறவினரான அயலவருக்கும் அந்நியரான அயலவருக்கும் நன்மை செய்யுமாறு இறைவன் ஏவுகின்றான். அந்நியரான அயலவர் என்ற சொல்லில் பிற சமயத்தவரும் அடங்குவர் என்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக் கூறியுள்ளனர். அயலவர் மூன்று வகையினர், அவர்களுள் முஸ்லிமல்லாத அயலவருக்கும் ஓர் உரிமை உண்டு என்ற அறிவிப்பு நமது மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. அதைவிட உறுதியான சான்றுகள் நம்மிடம் இருக்கையில் அதனை நாடவேண்டிய தேவை இல்லை.

இதோ ஒரு சான்று. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் இல்லத்தில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. அவர்கள் வீட்டுக்குள் வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி, நமது யூத அயலவருக்குக் கொடுத்துவிட்டீர்களா என்பதுதான். அதனை மீண்டும் கேட்டார்கள். அதற்கான காரணத்தையும் கூறினார்கள்: அயலவரைச் சொத்துக்கு வாரிசாக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அயலவரைப் பற்றி வலியுறுத்திக்கொண்டே இருந்தார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் இடம்பெற்றுள்ளது. ஒரு யூதரின் வீட்டுக்கு இறைச்சி அனுப்புவதற்கு ஆதாரமாக இந்த நபிமொழியையே அந்த நபித்தோழர் எடுத்துக்காட்டினார் என்பதைக் கவனியுங்கள். வாரிசு போன்ற நெருக்கம் முஸ்லிம் அயலவருக்கு மாத்திரம் உரியது என அவர் விளங்கிக்கொள்ளவில்லை.

அன்பளிப்பைப் பெறுவதைப் பற்றியும் தெளிவான வழிகாட்டல் உண்டு. அய்லா நாட்டு மன்னர் நபி (ஸல்) அவர்களுக்கு வெண்ணிறக் கோவேறு கழுதை ஒன்றை அன்பளித்தார். நபியவர்கள் அதனை ஏற்றுக்கொண்டதோடு அவருக்கு ஒரு மேலாடையையும் பதிலாக வழங்கினார்கள். அன்பளிப்பை ஏற்பதும் அதற்குப் பதிலாக ஏதேனும் கொடுப்பதும் நபியவர்களின் வழக்கமாக இருந்தது என்று அன்னை ஆஇஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இவ்விரு செய்திகளும் ஸஹீஹுல் புகாரியில் உள்ளவை. அயல் வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நமது உம்மாமார் கடைப்பிடிக்கும் வழக்கம் வெறும் ஊர் வழக்கம் அன்று. சீனியோ, சில வாழைப்பழங்களோ வைத்துத் தட்டைத் திருப்பி அனுப்பும் அந்தத் தாய், அந்த நபிமொழியை ஒருபோதும் படித்திராவிட்டாலும், அதன்படியே நடந்துகொள்கின்றார்.

தட்டில் இருக்கும் பலகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். கெவும் என்பது அரிசி மாவும் பாணியும் சேர்த்து எண்ணெயில் பொரிப்பது. கொக்கிஸ் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கொண்டது. இவற்றை உண்பதில் தடையேதும் இல்லை. தெய்வத்துக்குப் படைக்கப்பட்டது என்றோ, ஹராமான பொருள் கலந்தது என்றோ தெரியவந்தால் அதனை உண்ணாதிருப்போம். அதையும் கொண்டுவந்தவரின் முகம் வாடாதவாறு செய்வோம். ஆனால் துருவித் துருவி விசாரித்து, அன்போடு வந்த ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது பேணுதல் ஆகாது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் சித்திரைப் புத்தாண்டு ரமழான் மாதத்துக்குள்ளேயே வந்தது. பகலில் வந்த தட்டை வாங்கி வைத்து, இஃப்தாருக்குப் பின்னர் வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்ட இல்லங்கள் பல. இஃப்தார் வரை காத்திருங்கள் என்று சொல்லித் தந்துவிட்டுப் போன அயலவர்களும் இருந்தார்கள். நமது நோன்பின் நேரத்தை அவர்கள் அறிந்து வைத்திருந்தார்கள்.

இனி வாழ்த்துச் சொல்லும் விடயத்துக்கு வருவோம். நேர்மையாகச் சொல்வதாயின், இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள், பிற மதத்தவரின் மத அடையாளமாக அமைந்த சடங்குகளுக்காக வாழ்த்துவது கூடாது என்று வன்மையாக எழுதியுள்ளார்கள். நம் காலத்தில், 1997இல் நிறுவப்பட்ட ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பியப் பேரவை, சமாதானமாக வாழ்கின்ற அயலவருக்கு அவர்களது பெருநாளில் நல்வார்த்தை கூறுவது ஆகுமானது என்று கூறியுள்ளது. அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரங்களுள் முதன்மையானது அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம். மார்க்கத்துக்காக நம்மோடு போரிடாதவர்களுக்கும் நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாதவர்களுக்கும் நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்பது அவ்வசனத்தின் கருத்து. அதில் நன்மை செய்தலைக் குறிக்க ஆளப்பட்டுள்ள சொல், பெற்றோருக்கு ஆற்றும் நன்மையைக் குறிக்க நாம் வழங்கும் 'பிர்ரு' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. இதனை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

இவ்விரு கருத்துகளையும் படித்தவன் என்ற வகையில் எனது நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. சுபநேரம் பார்த்து அடுப்பு மூட்டுவது, எண்ணெய் தேய்க்கும் சடங்கு, வழிபாடு ஆகியவற்றில் நாம் பங்குகொள்ள மாட்டோம். அதை நம் அயலவர்களும் நம்மிடம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒருவர் புன்னகையோடு வாசலுக்கு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு எந்த இமாமின் கூற்றிலும் இடமில்லை. வாழ்த்து என்ற சொல்லே உங்களுக்கு உறுத்துமாயின் துஆவாகச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஆரோக்கியம் கிடைக்கட்டும், இறைவன் உங்களுக்கு நேர்வழியையும் நல்வாழ்வையும் தரட்டும் என்று சொல்வதை யார் தடுக்க முடியும்? நபித்தோழர் உக்பா இப்னு ஆமிர் (ரழி) அவர்கள், கிறிஸ்தவர் ஒருவருக்கு அவர் யாரென அறியாமல் ஸலாத்துக்குப் பதில் கூறிவிட்டு, அறிந்த பின்னர் அவரைப் பின்தொடர்ந்து சென்று, அல்லாஹ் அவரது ஆயுளை நீட்டிச் செல்வத்தையும் மக்களையும் பெருக்குவானாக எனத் துஆச் செய்ததாக இமாம் புகாரி அவர்கள் 'அல்அதபுல் முஃப்ரத்' என்ற நூலில் பதிவு செய்துள்ளார்கள். மார்க்க வரம்பையும் விடவில்லை, மனிதரையும் விடவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்நிஸா அத்தியாயத்தின் 86ஆம் வசனம், நமக்கு ஒரு முகமன் கூறப்பட்டால் அதைவிட அழகானதையோ, குறைந்தபட்சம் அதற்கு நிகரானதையோ திருப்பிக் கூறுமாறு பணிக்கின்றது. கையடக்கத் தொலைபேசியில் யாரோ உருவாக்கிய பூப்படம் ஒன்றை ஒரே அழுத்தில் இருநூறு பேருக்கு அனுப்பிவிட்டு, வாழ்த்திவிட்டோம் என்று மனநிறைவு கொள்கின்றோம். அதைப் பெற்றவரும் திறந்து பாராமலே இன்னொரு படத்தைத் திருப்பி அனுப்புகின்றார். அழகான பதிலா அது? நிகரான பதில்கூட அன்று. நமது பெருநாளிலும் இதே நிலைதான். வெளிநாட்டில் தொழில் புரியும் உறவினருக்குத் தொலைபேசி ஓர் அருட்கொடை. மதிலுக்கு அப்பால் இருப்பவருக்கு அது ஒரு சாட்டு. அன்பளிப்பை யாருக்குக் கொடுப்பது என்று அன்னை ஆஇஷா (ரழி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் மிக அருகில் உள்ளதோ அவருக்கு என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

வாழ்த்துக்குப் பின்னர் நலம் விசாரித்தல். மகனுக்கு சாதாரண தரப் பெறுபேறு வந்ததா, கட்டாருக்குப் போன மூத்தவர் பேசினாரா, பாட்டியின் கால் வலி எப்படி என்று கேட்பதில்தான் அயலுறவு உயிர் பெறுகின்றது. ஆனால் இங்கேதான் நாம் பெரிதும் வழுக்கி விழுகின்றோம். அயல் வீட்டுச் செய்தி ஓர் அமானிதம். ஒருவர் ஒரு விடயத்தைச் சொல்லிவிட்டு அக்கம் பக்கம் திரும்பிப் பார்த்தால் அதுவே அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். இரகசியம் என்று அவர் வாயால் சொல்லவேண்டியதில்லை. அந்தத் திரும்பிப் பார்வையே போதும். மகளின் திருமணப் பேச்சு முறிந்ததையோ, கணவர் அனுப்பும் பணம் நின்றுபோனதையோ ஒரு தாய் உங்கள் உம்மாவிடம் சொல்லி ஆறுதல் தேடுகின்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை மாலையில் விளையாட்டு மைதானத்தில் அதை அவிழ்த்துவிட்டால், அந்தத் தாய் இனி யாரிடம் போவார்? பெற்றோர்களே, பெரியவர்கள் பேசும்போது செவியில் விழுந்ததை வெளியே கொண்டு செல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன்னர் நாமே, கேட்டதையெல்லாம் குடும்பக் குழுமத்தில் பதிவிடும் பழக்கத்தை நிறுத்துவோம். கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒரு மனிதர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இடம்பெற்றுள்ளது.

மூன்றாவது துஆ. முஸ்லிம் சகோதரருக்காக அவர் அறியாத நிலையில் துஆச் செய்தால், தலைமாட்டில் நிற்கும் மலக்கு ஆமீன் கூறி, உனக்கும் அதுபோன்றே கிடைக்கட்டும் என்று சொல்வதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றது. முஸ்லிமல்லாத அயலவருக்காகத் துஆக் கேட்கலாமா என்று இளைஞர்கள் வினவுகின்றார்கள். நபி (ஸல்) அவர்களின் சபையில், அல்லாஹ் உங்களுக்கு அருள் புரிவானாக என்று தங்களுக்குச் சொல்லப்படும் என்ற எதிர்பார்ப்பில் யூதர்கள் தும்முவதுண்டாம். நபியவர்கள் அவர்களுக்கு, அல்லாஹ் நேர்வழி காட்டி உங்கள் நிலையைச் சீராக்குவானாக எனத் துஆச் செய்தார்கள். தவ்ஸ் கோத்திரத்தாரைச் சபிக்குமாறு வேண்டப்பட்டபோதும் சபிக்காமல் அவர்களது நேர்வழிக்காகவே கையேந்தினார்கள். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவனது வீட்டுக்கே சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். எனவே உயிரோடிருக்கும் அயலவரின் சுகத்துக்காகவும் நேர்வழிக்காகவும் தாராளமாகத் துஆச் செய்யலாம். மரணித்த பிறகு பாவமன்னிப்புக் கோருவதில்தான் மார்க்கத்தின் வரம்பு உண்டு. ஆனால் மரண வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறுவதற்கும், சமைக்க மனமில்லாதிருக்கும் அந்த வீட்டுக்கு உணவு அனுப்புவதற்கும் அந்த வரம்பு குறுக்கே நிற்பதில்லை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள்.

சகோதரர்களே, இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டியுள்ளது என்பது உங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் 250க்கும் அதிகமான உயிர்கள் பறிக்கப்பட்டன. வழிபாட்டுக்குச் சென்ற தாய்மாரும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். நமது பெயர்களைத் தாங்கியவர்கள் செய்த கொடுமை அது. இஸ்லாத்தில் அதற்கு அணுவளவும் இடமில்லை. அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் இதில் எத்தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இரு பக்கத்திலும் அச்சம் குடிகொண்டது. பல ஒழுங்கைகளில் தட்டுப் பரிமாற்றம் நின்றது. அனுப்பினால் வாங்குவார்களோ என்று அவர்கள் தயங்கினார்கள். கொண்டுபோனால் உண்பார்களோ என்று நாம் தயங்கினோம். யாரும் யாரோடும் சண்டையிடவில்லை, பேசவும் இல்லை.

ஆயினும் அயலுறவு அடியோடு செத்துவிடவில்லை. கொரோனா தொற்றினால் மரணித்தோரின் உடல்களைத் தகனம் செய்தேயாக வேண்டும் என்ற விதி 2020இல் நடைமுறைக்கு வந்து, நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, இருபது நாள் குழந்தையின் உடலும் அவ்வாறு எரிக்கப்பட்டதை அறிந்து, அவ்வாண்டு டிசம்பரில் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டிய மக்களுள் பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் இருந்தார்கள். கஃபனை நினைவூட்டும் அந்தத் துணியைக் கட்டுவதால் அவர்களுக்கு எந்த இலாபமும் இல்லை. தொல்லை நேரக்கூடிய காலம் அது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அந்த வேலியோரம் வந்து நின்றவர்களுக்கு நாம் எந்தப் பெருநாளில் நன்றி சொன்னோம்?

எனவே, 2019 முதல் பேச்சு நின்றுபோன வீடு ஒன்று உங்கள் ஒழுங்கையில் இருக்குமாயின், முதலடியை நீங்கள் எடுத்து வையுங்கள். தனியாகப் போகத் தயக்கமாயின் உம்மாவையோ வாப்பாவையோ அழைத்துச் செல்லுங்கள், அது கண்ணியமும்கூட. இத்தகைய வேளைகளில் பெரும்பாலும் தாய்மார்களே வழி திறக்கின்றார்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை, பழைய சம்பவங்களைக் கிளறவும் வேண்டாம். பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள். உயிர்த்த ஞாயிறு தினத்தில் உறவினரை இழந்த குடும்பமாயின், அந்த நாளில் மகிழ்ச்சி வாழ்த்துடன் செல்லாதீர்கள். இழந்தவரின் பெயரைச் சொல்லி, உங்களை நினைத்துக்கொண்டோம் என்று மாத்திரம் கூறுங்கள்.

கையில் எதைக் கொண்டுபோவது என்று கேட்கிறீர்களா? அயல்வீட்டுப் பெண் கொடுப்பது ஆட்டின் குளம்பாயினும் அதனை அற்பமாக எண்ண வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களிடம் கூறினார்கள். குழம்பு சமைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அயலவரையும் கவனிக்குமாறு அபூதர் (ரழி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். ஆகவே வீட்டில் இருப்பதே போதும். பௌத்த, இந்து அயலவருக்கு மாட்டிறைச்சி கலந்த எதையும் கொண்டுபோகாதீர்கள். மரக்கறி மாத்திரம் உண்பவர்களின் வீட்டுக்கு முட்டை சேர்ந்த வட்டிலப்பமும் பொருந்தாது, பழங்களாகக் கொடுங்கள். முதல் முறை தட்டு வெறுமையாகத் திரும்பி வரலாம், வராமலே போகலாம். அதைப் பற்றி வீட்டில் பிள்ளைகள் முன்னிலையில் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அடுத்த பெருநாளன்று தொழுகை முடிந்து வந்ததும், உறவினர் வீடுகளுக்குப் புறப்படுவதற்கு முன்னர், அதே வாசலுக்கு மீண்டும் ஒரு தட்டை அனுப்புங்கள்.